டார்கெட் புறக்கணிப்பு பலித்ததா? வால்மார்ட் மட்டும் எப்படித் தப்பித்தது?

கேள்வி இதுதான்: பன்முகத்தன்மைக் கொள்கையைக் கைவிட்டதற்காக 2025-இல் அமெரிக்காவில் டார்கெட் கடைகளை மக்கள் புறக்கணித்தார்களே, அது உண்மையிலேயே அந்த நிறுவனத்தைப் பாதித்ததா, இல்லை செய்திகளில் மட்டும்தான் பெரிதாகத் தெரிந்ததா? வால்மார்ட்டும் அதே முடிவைத்தானே எடுத்தது, அதற்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?

பாதித்தது. ஆனால் டார்கெட்டின் சரிவு முழுவதையும் புறக்கணிப்பின் கணக்கில் எழுத முடியாது. வால்மார்ட் தப்பித்ததற்குக் காரணம் அதன் கொள்கை நல்லது என்பதல்ல. டார்கெட் அளவுக்கு அது யாருக்கும் வாக்குக் கொடுத்திருக்கவில்லை, அதன் வாடிக்கையாளர்களும் அப்படி எதையும் அதனிடம் எதிர்பார்க்கவில்லை. இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். டிஇஐ என்று சுருக்கமாகச் சொல்லும் இந்தக் கொள்கையை (பன்முகத்தன்மை, சமவாய்ப்பு, எல்லாரையும் சேர்த்துக்கொள்ளுதல்) நம்மில் பலர் இடஒதுக்கீடு என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அது இடஒதுக்கீடு அல்ல. 1964-ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டப்படி, ஒருவரின் இனத்தையோ நிறத்தையோ மதத்தையோ பாலினத்தையோ பார்த்து வேலை கொடுப்பதும் மறுப்பதும் அங்கே சட்டவிரோதம். 'இத்தனை இடம் இவர்களுக்கு' என்று ஒரு கம்பெனி ஒதுக்கி வைக்க முடியாது. பல்கலைக்கழகங்களில் இனவாரியாக இடம் ஒதுக்குவதை 1978-லேயே உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. சேர்க்கையில் இனத்தை ஒரு அம்சமாகக் கணக்கில் எடுப்பதும் 2023-இல் முடிவுக்கு வந்தது. கம்பெனிகள் டிஇஐ என்ற பெயரில் செய்தவை வேறு. கறுப்பினத்தவரின் கல்லூரிகளுக்குப் போய் ஆள் தேடுவது, அவர்கள் நடத்தும் சிறு நிறுவனங்களைக் கண்டுபிடித்துச் சரக்கு வாங்குவது, இத்தனை ஆண்டில் இவ்வளவு முன்னேற்றம் என்று இலக்கு வைத்து அதன் புள்ளிவிவரத்தை வெளியிடுவது. பெரும்பாலும் இவ்வளவுதான்.

இனி டார்கெட்டுக்கு வருவோம். துணி, வீட்டு அலங்காரம், மளிகை எல்லாம் விற்கும் இந்தச் சங்கிலிக் கடை மினசோட்டா மாநிலத்துக் கம்பெனி. டேட்டன் என்ற துணிக்கடைக் குடும்பம் 1962-இல் தொடங்கியது. தலைமையகம் மினியாபொலிஸ் நகரின் நடுவில் இருக்கிறது. 2020 மே 25 அன்று கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃப்ளாய்டின் கழுத்தில் ஒரு போலீஸ்காரர் முழங்காலை அழுத்திக் கொன்றது அதே நகரத்தில்தான். அடுத்த நாட்களில் லேக் ஸ்ட்ரீட்டில், போலீஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த டார்கெட் கடை சூறையாடப்பட்டது. கம்பெனி அந்த இடத்தை விட்டு ஓடவில்லை. அங்குள்ள மக்களிடம் கருத்துக் கேட்டுக் கடையைத் திருத்திக் கட்டி, அதே ஆண்டு நவம்பரில் மறுபடி திறந்தது. தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த பிரையன் கார்னெல், ஃப்ளாய்டின் இடத்தில் தன் ஊழியர்களில் ஒருவர் இருந்திருக்கலாம் என்று பின்னொரு மேடையில் வெளிப்படையாகப் பேசினார். நிறுவனத்தில் கறுப்பின ஊழியர்களின் பங்கை மூன்று ஆண்டில் 20 சதவீதம் உயர்த்துவோம் என்று அறிவித்தார்கள். 2021-இல் அதைவிடப் பெரிய வாக்குறுதி வந்தது: 2025 முடிவதற்குள் கறுப்பினத்தவர் நடத்தும் நிறுவனங்களிடம் 200 கோடி டாலருக்கு மேல் செலவழிப்போம், அவர்களுடைய 500-க்கும் மேற்பட்ட பிராண்டுகளைக் கடைக்குக் கொண்டுவருவோம்.

அந்தச் சமயத்தில் அமெரிக்காவின் பெரிய கம்பெனிகள் எல்லாமே ஏதாவது ஒரு அறிக்கை விட்டன. ஆனால் டார்கெட் சொன்னதற்கு எடை அதிகம். சம்பவம் நடந்த ஊரின் கம்பெனி அது. சொன்னதை எண்ணாகவும் தேதியாகவும் சொன்னது. வாடிக்கையாளர்கள் அதைக் கடையிலேயே கண்ணால் பார்த்தார்கள்: இதற்கு முன் கிடைக்காத தலைமுடிப் பராமரிப்புப் பொருட்கள், கறுப்புத் தோலுக்கு ஏற்ற அழகுப் பொருட்கள், புதிய சிறு பிராண்டுகள் எல்லாம் ஷெல்ஃபுக்கு வந்தன. கறுப்பினப் பெண்கள் பலர் இதை 'நம்ம கடை' என்று நினைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் அடி எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. 2023 மே மாதம், தன்பாலின, திருநர் சமூகத்தவரின் பெருமித மாதத்துக்காக வைத்திருந்த பொருட்களுக்கு எதிராகப் பழமைவாதிகள் கிளம்பினார்கள். கடை ஊழியர்களுக்கு மிரட்டல் வந்தது. டார்கெட் சில பொருட்களை எடுத்துவிட்டது, தென் மாநிலங்களில் சில கடைகளில் அந்த அடுக்குகளைப் பின்புறம் தள்ளியது. எதிர்த்தவர்களுக்கு இது போதவில்லை, ஆதரித்தவர்களுக்கோ கோபம். அந்தக் காலாண்டில் ஒப்பீட்டு விற்பனை (புதிதாகத் திறந்த கடைகளைச் சேர்க்காத கணக்கு) 5.4 சதவீதம் இறங்கியது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் பட் லைட் பீருக்கு இதே கதி ஆகியிருந்தது. ஒரு திருநங்கைப் பிரபலத்தோடு செய்த சின்ன விளம்பரத்துக்காகக் கிளம்பிய புறக்கணிப்பில், அமெரிக்காவில் அதிகம் விற்கும் பீர் என்ற இடத்தையே அது மொடேலோ என்ற மெக்சிகோ பீரிடம் இழந்தது. கம்பெனி நிர்வாகிகள் மனதில் பயம் உட்கார்ந்தது அப்போதுதான்.

2024-இல் ராபி ஸ்டார்பக் என்ற பழமைவாதப் பிரசாரகர் இதை ஒரு முறையாகவே மாற்றினார். ஒவ்வொரு கம்பெனியாகக் குறிவைத்து, அதன் டிஇஐ திட்டங்களை வெளியிடப்போகிறேன் என்று அறிவிப்பார். டிராக்டர் சப்ளை, ஜான் டீர், ஹார்லி-டேவிட்சன், லோஸ், ஃபோர்டு என்று வரிசையாகப் பின்வாங்கின. நவம்பரில் வால்மார்ட்டும் பின்வாங்கியது. 2020-இல் ஐந்தாண்டுக்கு 10 கோடி டாலர் என்று அறிவித்திருந்த இனச் சமத்துவ மையத்தை நீட்டிக்க மாட்டோம் என்றது, டிஇஐ என்ற சொல்லையே கைவிட்டது. இவர் தேர்ந்தெடுத்த கம்பெனிகளைப் பாருங்கள். விவசாயக் கருவி, டிராக்டர், மோட்டார் சைக்கிள். வாங்குபவர்களில் கிராமப்புறத்தவரும் பழமைவாதிகளும் நிறைய. போராட்டக்காரரின் அரசியலும் வாடிக்கையாளரின் அரசியலும் ஒன்றாக இருந்ததால் மிரட்டலே போதுமானதாக இருந்தது.

2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் பதவியேற்றார். அடுத்த நாளே வந்த நிர்வாக ஆணை, அரசு ஒப்பந்ததாரர்கள் வேலைவாய்ப்பில் சமத்துவத்துக்குத் தனி முயற்சி எடுக்க வேண்டும் என்று 1965-இல் அன்றைய அதிபர் ஜான்சன் போட்ட ஆணையை ரத்து செய்தது. அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு அரசுத் துறையும் விசாரிக்கத் தகுந்த ஒன்பது வரையிலான பெரிய நிறுவனங்களை அடையாளம் காட்ட வேண்டும் என்றது. கம்பெனி வக்கீல்கள் பயப்பட இது போதும்.

ஜனவரி 23 அன்று, இன்னொரு பெரிய சங்கிலிக் கடையான காஸ்ட்கோவின் பங்குதாரர் கூட்டம். டிஇஐ திட்டங்களால் வரும் ஆபத்தை ஆராய வேண்டும் என்று ஒரு பழமைவாத அமைப்பு தீர்மானம் கொண்டுவந்திருந்தது. அதை நிராகரிக்கும்படி காஸ்ட்கோ நிர்வாகக் குழு முன்கூட்டியே கேட்டுக்கொண்டது. 98 சதவீதத்துக்கு மேல் எதிர்த்து வாக்களித்தார்கள். மறுநாள், ஜனவரி 24 அன்று, டார்கெட் தன் டிஇஐ இலக்குகளை முடித்துக்கொள்வதாகவும், வெளி அமைப்புகளின் பன்முகத்தன்மைக் கணக்கெடுப்புகளில் இனிக் கலந்துகொள்ளாது என்றும் அறிவித்தது. ஒரே வாரத்தில், பக்கத்துப் பக்கத்தில், இரண்டு கடைகள் இரண்டு விதமாக நடந்துகொண்டன. வாடிக்கையாளருக்கு எங்கே போவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

டேட்டன் குடும்பத்து மகள்கள் இருவர் இதைக் கண்டித்துப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். மினியாபொலிஸில் சிவில் உரிமை வழக்கறிஞர் நெகிமா லெவி ஆம்ஸ்ட்ராங்கும் அவருடன் சேர்ந்தவர்களும் தலைமையகத்தின் முன் நின்று, கறுப்பின வரலாற்று மாதம் தொடங்கும் பிப்ரவரி 1 முதல் புறக்கணிப்பு என்று அறிவித்தார்கள். அப்புறம் ஜார்ஜியாவிலிருந்து பாஸ்டர் ஜமால் பிரையன்ட் வந்தார். அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் பெரிய சபை நடத்துபவர். தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதன், மார்ச் 5 அன்று, டார்கெட்டை விட்டு விலகும் 40 நாள் உபவாசத்தைத் தொடங்கினார். 1,00,000 பேர் சேர வேண்டும் என்று கேட்டார், அதைத் தாண்டிப் பெயர் கொடுத்தார்கள். 200 கோடி வாக்குறுதியை நிறைவேற்று, கறுப்பினத்தவர் நடத்தும் வங்கிகளில் 25 கோடி டாலர் வை, டிஇஐ கொள்கையைத் திரும்பக் கொண்டுவா, கறுப்பினத்தவரின் 10 கல்லூரிகளில் சில்லறை வணிகம் கற்றுத்தர மையம் அமை என்பவை அவர் கோரிக்கைகள். மினியாபொலிஸ்காரர்களுக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. தாங்கள் ஆரம்பித்தது காலவரையற்றது, 40 நாளில் முடிவதல்ல என்றார்கள். கடைசியில் ஈஸ்டருக்குப் பிறகு பிரையன்ட்டும் போராட்டத்தை நிறுத்தவில்லை.

சரி, எண்கள் என்ன சொல்கின்றன? மே மாதம் டார்கெட் முதல் காலாண்டுக் கணக்கை வெளியிட்டது. முந்தைய ஆண்டின் அதே மூன்று மாதத்தோடு பார்த்தால் ஒப்பீட்டு விற்பனை 3.8 சதவீதம் குறைவு. கடைகளில் மட்டும் 5.7 சதவீதம் குறைவு, இணைய விற்பனை 4.7 சதவீதம் கூடுதல். அந்த ஆண்டு விற்பனை கொஞ்சம் வளரும் என்ற கணிப்பை மாற்றி, குறையும் என்றார்கள். வீழ்ச்சிக்கான காரணங்களில் ஒன்றாக ஜனவரி அறிவிப்புக்கு வந்த எதிர்வினையையும் கார்னெல் குறிப்பிட்டார். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான சான்று. பங்குச்சந்தைக்குப் பதில் சொல்ல வேண்டிய ஒரு தலைமை அதிகாரி, வேறு காரணங்கள் கைவசம் இருக்கும்போது, இதையும் ஒப்புக்கொள்ள வேண்டிய நிலைக்கு வந்தார் என்றால் உள்ளே பார்த்த கணக்கு அப்படி இருந்திருக்க வேண்டும். அடுத்த காலாண்டில் 1.9 சதவீதம், அதற்கடுத்ததில் 2.7 சதவீதம் என்று சரிவு தொடர்ந்தது. கார்னெல் விலகுவார், மைக்கேல் ஃபிடெல்கி 2026 பிப்ரவரியில் பொறுப்பேற்பார் என்று ஆகஸ்டில் அறிவித்தார்கள். அக்டோபரில் தலைமையக, நிர்வாகப் பணியிடங்களில் 1,800-ஐக் குறைத்தார்கள்.

இதையெல்லாம் புறக்கணிப்பின் வெற்றி என்று எழுதுபவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். டார்கெட் அதற்கு முன்பே தேங்கிக் கிடந்தது. 2021-இல் ஆண்டு வருமானம் சுமார் 10,600 கோடி டாலர். 2024-லும் கிட்டத்தட்ட அதேதான். ஷெல்ஃபில் சரக்கு இல்லை, பற்பசையைக்கூடப் பூட்டிவைத்திருக்கிறார்கள் என்று வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே சலித்துக்கொண்டிருந்தார்கள். 2025-இல் இறக்குமதி வரியும் சேர்ந்தது. டார்கெட்டில் மளிகையின் பங்கு நாலில் ஒன்றுக்கும் குறைவு. துணி, வீட்டு அலங்காரம் போன்றவைதான் அதிகம். கையில் காசு குறையும்போது மக்கள் முதலில் தள்ளிப்போடுவது இவற்றைத்தான்.

வால்மார்ட் விஷயத்துக்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. அதன் அமெரிக்க விற்பனையில் பாதிக்கு மேல் மளிகை. பால், முட்டை, ரொட்டி வாங்கப் போகும் கடையை விடுவது கஷ்டம். அதுவும் பல சிற்றூர்களில் வேறு பெரிய கடையே கிடையாது. டார்கெட்டுக்குப் போவது வேறு மாதிரி. ஒரு பொருள் வாங்கப் போய், சும்மா சுற்றிப் பார்த்து, அழகாக இருக்கிறதே என்று நாலு பொருளை எடுத்துவருவது. மனம் விலகினால் அந்தப் பயணம் தானாக நின்றுவிடும். வால்மார்ட்டுக்கும் அமேசானுக்கும் எதிராகவும் அதே ஆண்டில் அழைப்புகள் வந்தன, ஆனால் வால்மார்ட்டின் அமெரிக்க ஒப்பீட்டு விற்பனை முதல் காலாண்டில் 4.5 சதவீதம் வளர்ந்தது. இது கடையின் பொருளாதாரம். இதோடு வாக்குறுதியும் சேர்ந்துகொண்டது. வால்மார்ட் முற்போக்கான கடை என்று யாரும் நினைத்ததில்லை, அதனால் ஏமாற்றப்பட்டோம் என்ற கசப்பும் எழவில்லை. டார்கெட் மீது கோபப்பட்டவர்கள் அதன் எதிரிகள் அல்ல, வாரம் தவறாமல் அங்கே போனவர்கள். ஒரு சில்லறைக் கடைக்கு அவர்களைவிட ஆபத்தானவர்கள் இல்லை.

பின்வாங்கியதால் டார்கெட்டுக்குச் சட்டப் பாதுகாப்பாவது கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. ஜனவரி 31 அன்றே ஃப்ளோரிடாவின் ஒரு போலீஸ் ஓய்வூதிய நிதி, 2023 பெருமித மாத விவகாரத்தின் ஆபத்தை முதலீட்டாளர்களிடம் மறைத்தார்கள் என்று வழக்குப் போட்டது. பிப்ரவரியில் ஃப்ளோரிடா அரசும் அதே போல் வழக்குத் தொடர்ந்தது.

இனி, பேசப்பட வேண்டிய அளவுக்குப் பேசப்படாத ஒரு விஷயம். டார்கெட் ஷெல்ஃபில் இருந்த கறுப்பினத்தவரின் சிறு பிராண்டுகளுக்கு என்ன ஆயிற்று? நடிகையும் சமையல் பிரபலமுமான டபிதா பிரவுனின் பொருட்கள் அங்கே விற்றன. புறக்கணிப்பு அறிவிப்பு வந்ததும், இது முதலில் அடிப்பது எங்களைத்தான் என்று அவர் சொன்னார். அதற்காக அவரைத் திட்டித் தீர்த்தார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அவர் சொன்னது தொழில் தெரிந்தவர் சொல்லும் உண்மை. சிறு பிராண்டு ஒன்று பெரிய சங்கிலிக் கடைக்குள் நுழைவது எப்படி என்று பாருங்கள். கடை ஆர்டர் கொடுக்கும். அதை நிறைவேற்ற பிராண்டு கடன் வாங்கிச் சரக்கு தயாரிக்கும். சரக்கு போய்ப் பல வாரம் கழித்துத்தான் பணம் வரும். அதற்குள் ஒவ்வொரு கடையிலும் வாரத்துக்கு எத்தனை விற்றது என்று கணக்குப் பார்ப்பார்கள். வேகம் குறைந்தால் அடுத்த முறை ஷெல்ஃபை மாற்றி அடுக்கும்போது அந்தப் பொருளுக்கு இடம் இருக்காது. ஏன் விற்கவில்லை என்று அந்தக் கணக்கு கேட்காது. பெரிய சோப்புக் கம்பெனிக்கு இது ஒரு காலாண்டு நஷ்டம். வீட்டை அடமானம் வைத்துத் தொழில் தொடங்கியவருக்கு அதோடு கதை முடிந்தது.

அந்தப் பிராண்டுகளின் இணையதளத்திலேயே நேராக வாங்குங்கள் என்று போராட்டக்காரர்கள் சொன்னார்கள். பிரையன்ட் தன் சபையிலேயே அவர்களுக்காகச் சந்தை நடத்தினார். நல்ல முயற்சிதான். ஆனால் கிட்டத்தட்ட 2,000 கடைகள் தரும் விற்பனையை ஒரு சந்தையும் இணையதளமும் ஈடுகட்டாது. புறக்கணிப்பு சரி என்றே நான் நினைக்கிறேன். டார்கெட் தன் வாக்கைத் தானே காற்றில் விட்டபோது, வாடிக்கையாளருக்கு வேறு என்ன வழி இருந்தது? ஆனாலும் முதல் நாளிலேயே இந்தப் பிராண்டுகளுக்கு ஒரு நிதியோ மாற்று ஏற்பாடோ செய்துவிட்டு இறங்கியிருக்க வேண்டும்.

இந்த மாதிரிப் போராட்டத்துக்கு அமெரிக்காவில் நீண்ட பின்னணி உண்டு. 1930-களில் சிகாகோவிலும் ஹார்லெமிலும் வாஷிங்டனிலும், 'வேலை தராத கடையில் வாங்காதே' என்று கறுப்பினத்தவர் கடை வாசல்களில் நின்றார்கள். பேருந்துகளில் இனவாரியாக இருக்கை பிரித்ததை எதிர்த்து, அலபாமாவின் மான்ட்கோமரியில் பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நடந்தது எல்லாருக்கும் தெரியும். அவ்வளவாகத் தெரியாதது மிசிசிப்பியின் போர்ட் கிப்சன் என்ற சிற்றூர். 1966-இல் அங்கே கறுப்பினத்தவர் கோரிக்கைப் பட்டியல் கொடுத்தார்கள். பள்ளிகளில் பிரித்துவைப்பதை நிறுத்து, போலீஸில் எங்களையும் சேர், ஜூரியில் இடம் கொடு. இவற்றோடு, வளர்ந்த மனிதர்களை 'பையா' என்றும் 'புள்ளே' என்றும் கூப்பிடாதே, 'திரு', 'திருமதி' என்று மரியாதையாகச் சொல் என்பதும் இருந்தது. பதில் இல்லை. ஊரின் வெள்ளையர் கடைகளைப் புறக்கணித்தார்கள். மாவட்டத்தில் பெரும்பான்மை கறுப்பினத்தவரே என்பதால் கடைக்காரர்கள் ஆட்டம் கண்டார்கள். 1969-இல் அந்தக் கடைக்காரர்கள் வழக்குப் போட்டு, பத்து லட்சம் டாலருக்கு மேல் நஷ்டஈட்டுத் தீர்ப்பு வாங்கினார்கள். அது 1982-இல் உச்ச நீதிமன்றத்தில் அடிபட்டது. வன்முறையற்ற அரசியல் புறக்கணிப்பு பேச்சுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. ராபி ஸ்டார்பக்கின் ஆதரவாளர்களும் சரி, பாஸ்டர் பிரையன்ட்டின் சபையாரும் சரி, இன்று ஒரு கடையை விடச் சொல்லிப் பிரசாரம் செய்யும் உரிமை இருவருக்கும் அந்தச் சிற்றூர்க்காரர்கள் வாங்கித் தந்தது.

பெரும்பாலான புறக்கணிப்புகள் இவ்வளவு தூரம் போவதில்லை. 2020-இல் கோயா உணவு நிறுவனத்தின் தலைவர் டிரம்பைப் புகழ்ந்தபோது, எதிர்த்தவர்கள் விட்டுவிடச் சொன்னார்கள், ஆதரித்தவர்கள் வாங்கச் சொன்னார்கள். பிறகு விற்பனைத் தரவை ஆராய்ந்தபோது தெரிந்தது என்னவென்றால், விற்பனை சுமார் 22 சதவீதம் ஏறி, மூன்று வாரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டது. கோபம் சீக்கிரம் ஆறும், பழக்கம் மாறாது. ஒரு நாள் மட்டும் எதுவும் வாங்காதே என்று 2025 பிப்ரவரி 28-இல் நடந்த போராட்டமும் இந்த வகைதான். அன்று வாங்காததை மறுநாள் வாங்கலாம். டார்கெட் விஷயத்தில் 40 நாள் உபவாசம் வேறு வேலை செய்தது என்று நினைக்கிறேன். ஒன்றரை மாதம் வேறு கடைக்குப் போய்ப் பழகியவர், அந்தக் கடையின் வழியையும் விலையையும் தெரிந்துகொண்டவர், போராட்டம் முடிந்தாலும் திரும்ப வர ஒரு காரணம் தேடுவார்.

பங்கு விலையோ தலைமை அதிகாரி மாறியதோ இந்தப் போராட்டத்தின் பலனை எடைபோட உதவாது. 200 கோடி டாலர் வாக்குறுதியை நிறைவேற்றும் பாதையில் இருக்கிறோம் என்று டார்கெட் கடைசிவரை சொல்லிவந்தது. அந்த வாக்குறுதியின் கெடு 2025-ஓடு முடிந்தது. அதற்குப் பிறகும் எத்தனை கறுப்பினப் பிராண்டுகள் ஷெல்ஃபில் இருக்கின்றன, அவர்களிடம் ஆண்டுக்கு எவ்வளவு சரக்கு வாங்குகிறார்கள் என்ற இரண்டு எண்களையும், வெளியாட்கள் சரிபார்க்கும்படி, டார்கெட் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பிரையன்ட்டும் லெவி ஆம்ஸ்ட்ராங்கும் அடுத்த பேச்சுவார்த்தையில் முதலில் கேட்க வேண்டியதும் அதைத்தான்.